முப்பது வருஷம் கழித்து வந்த ரிசல்ட்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ், சோமர்வில் என்று ஒன்றையொன்று ஒட்டிய இரண்டு ஊர்கள். தொழிற்சாலைக் கூலிக் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த அந்தத் தெருக்களில், 1930களின் கடைசியில், 506 சிறுவர்களைப் பூவா தலையா போட்டுப் பிரித்தார்கள்.

நாணயத்தைச் சுண்டுவதற்கு முன்னால் பெரிய வேலை நடந்திருந்தது. பள்ளிக்கூடங்களும் தேவாலயங்களும் போலீஸும் பையன்களின் பெயர்களை எழுதிக் கொடுத்தன. 'இவன் நாளைக்கு வம்பில் மாட்டுவான்' என்று பெரியவர்கள் பயந்த பிள்ளைகள் அதில் இருந்தார்கள். அவர்களோடு, எந்த வம்புதும்புக்கும் போகாத பையன்களையும் கலந்தே எடுத்தார்கள். இந்தத் திட்டத்தில் சேர்ந்தாலே கெட்ட பையன் என்று ஊர் பேசிவிடக் கூடாதே என்ற கவலை. பிறகு வயது, குடும்ப நிலை, தெரு, உடம்பு, புத்தி, குணம் எல்லாவற்றையும் பார்த்து, ஏறத்தாழ ஒரே வார்ப்பில் இருந்த இரண்டிரண்டு பேரை ஜோடி சேர்த்தார்கள். மொத்தம் 253 ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவனுக்கு எல்லா உதவியும் கிடைக்கும். இன்னொருவன் எப்போதும்போல வளர்வான். யாருக்கு எது என்பது நாணயம் விழுந்த பக்கத்தைப் பொறுத்தது.

இதைத் தொடங்கியவர் டாக்டர் ரிச்சர்ட் கிளார்க் காபட், ஹார்வர்டு பேராசிரியர். 1905லேயே பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், நோயாளியின் வீட்டு நிலைமையையும் விசாரித்து உதவச் சமூகப் பணியாளர்களை அமர்த்தியவர். தறிகெட்டுப் போகக்கூடிய ஒரு பையனுக்கு, பாதியில் விட்டுப் போகாத ஒரு பெரியவரின் நட்பு கிடைத்துவிட்டால் அவன் தேறிவிடுவான் என்று மனப்பூர்வமாக நம்பினார். 1939ல் வேலை தொடங்குகிற சமயத்தில் அவர் காலமாகிவிட்டார். திட்டம் நிற்கவில்லை. 1945 வரை ஓடியது.

என்னென்ன செய்தார்கள் என்று பார்த்தால் இன்றைக்கும் பொறாமையாக இருக்கிறது. ஒரு பையனுக்குச் சராசரியாக ஐந்தரை வருஷம். மாதத்துக்கு இரண்டு தடவை ஆலோசகர் வீடு தேடி வருவார். பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குத் தனி டியூஷன். நூறு பேருக்கு மேல் மருத்துவ, மனநல சிகிச்சை. நான்கில் ஒரு பங்குப் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையில் முகாம். மேட்ச் பார்க்க அழைத்துப் போவது, வேலை தேடித் தருவது, வீட்டில் தகராறு என்றால் நடுவில் உட்கார்ந்து பேசுவது என்று கூடப்பிறந்த அண்ணன் செய்கிறதையெல்லாம் செய்தார்கள். நடுவில் உலகப் போர் வந்து ஆலோசகர்கள் சிலர் பட்டாளத்துக்குப் போனார்கள், ஆள் மாறியது. அது ஒரு குறை. மற்றபடி, ஒரு பள்ளி மாணவனுக்கு இவ்வளவு செய்த திட்டம் அதற்கு முன்னும் பின்னும் அபூர்வம்.

திட்டம் முடிந்து சில வருஷங்களில் எடுத்த கணக்கில் பெரிய பலன் எதுவும் தெரியவில்லை. 1950களில் ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர், கணவர் வில்லியமோடு சேர்ந்து அந்தக் கோப்புகளை மறுபடி புரட்டினார். அப்போதும் தெரியவில்லை. 'இன்னும் காலம் போகட்டும், விதைத்தது எப்போதாவது முளைக்கும்' என்று நினைத்தவர்கள் இருந்திருப்பார்கள். 1970களின் நடுவில் ஜோன் மறுபடி கிளம்பினார். அந்தப் பையன்கள் அப்போது நாற்பதுகளில் இருந்த ஆண்கள். நீதிமன்றப் பதிவு, மனநல மருத்துவமனைப் பதிவு, குடிநோய் சிகிச்சை மையத்தின் பதிவு, இறப்புப் பதிவு என்று ஒவ்வொன்றாகத் தேடினார். விலாசம் கண்டுபிடித்துக் கடிதம் எழுதினார். 506 பேரில் 480 பேர் என்ன ஆனார்கள் என்று கண்டுபிடித்துவிட்டார். 100க்கு 95 பேர். ஆராய்ச்சி உலகில் அது லேசான காரியம் இல்லை.

1978ல் முடிவு வெளிவந்தது. குற்றம் செய்தவர்களின் எண்ணிக்கையில் இரண்டு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் ஒரு குற்றத்தோடு நிற்காமல் இரண்டாவதற்கும் போனவர்கள், உதவி பெற்ற தரப்பில்தான் அதிகம். குடிக்கு அடிமையான அறிகுறி, கடுமையான மனநோய், ரத்தக்கொதிப்பு, இதய நோய் எல்லாம் அந்தத் தரப்பில்தான் கூடுதல். பார்த்த வேலையும் சற்றுத் தாழ்ந்தது. செத்துப்போனவர்களை எடுத்துக்கொண்டால், உதவி பெற்றவர்கள் இன்னும் இளம் வயதிலேயே செத்திருந்தார்கள். எவனுக்கு உதவி நீண்ட காலம், தீவிரமாகக் கிடைத்ததோ அவன்தான் அதிகம் பாதிக்கப்பட்டிருந்தான். ஏட்டில் பதிவான எந்த ஒரு அளவிலும் உதவி பெற்றவர்கள் ஒரு படி மேலே இல்லை. (மரணத்தைப் பொறுத்தவரை பிற்பாடு கணக்கு மாறியது. அவர்களில் பெரும்பாலானோர் இறந்த பிறகு 2019ல் வெளிவந்த ஆய்வில், ஆயுளில் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை என்று தெரிந்தது. நடுவயது வரை பட்ட பாடு மாறவில்லை.)

இதே மனிதர்களிடம், 'அந்தத் திட்டம் உங்களுக்கு உதவியதா?' என்று மெக்கார்ட் கேட்டிருந்தார். மூன்றில் இரண்டு பங்குப் பேர் 'ஆமாம், உதவியது' என்றார்கள். தெருவில் சுற்றாமல் காப்பாற்றியது, மனிதர்களோடு பழகக் கற்றுத் தந்தது, எங்கள் மேல் அக்கறைப்பட ஒருவர் இருந்தார் என்று பலவிதமாகச் சொன்னார்கள். பழைய ஆலோசகரை அன்போடு நினைவில் வைத்திருந்தவர்களும் இருந்தார்கள்.

இந்தக் கட்டுரையை நான் எழுதுவதே இந்த ஒரு இடத்துக்காகத்தான். பள்ளிக்கூடத்தில் 'பிரச்னைப் பசங்களுக்கு' ஒரு திட்டம் நடத்தினால், கடைசி நாளில் ஒரு படிவத்தைக் கொடுத்து 'பயனுள்ளதாக இருந்ததா?' என்று டிக் அடிக்கச் சொல்கிறோம். பிள்ளைகள் டிக் அடிக்கிறார்கள். பெற்றோர் கண்கலங்க மேடையில் பேசுகிறார்கள். போட்டோ எடுத்து அறிக்கையில் சேர்த்து அடுத்த வருஷத்துக்கு நிதி கேட்கிறோம். அந்த நன்றி உண்மையான நன்றிதான், யாரும் நடிக்கவில்லை. ஆனாலும், நன்றி சொன்ன அதே ஆளின் வாழ்க்கை அந்த உதவியாலேயே கொஞ்சம் கெட்டும் போயிருக்கலாம். மெக்கார்ட் தேடிப் போகாமல் இருந்திருந்தால், உதவி பெற்றவர்கள் சொன்ன நன்றி வார்த்தைகளை வைத்து அதை வெற்றிக் கதையாகவே நாம் படித்துக்கொண்டிருப்போம்.

முகாமில் என்ன நடந்தது

ஏன் இப்படி ஆயிற்று என்று மெக்கார்ட் பல வருஷம் யோசித்தார். ஆலோசகரைச் சார்ந்தே இருந்து பழகிவிட்டு அவர் போனதும் நிலைகுலைந்தார்களா? 'உனக்கு உதவி தேவை' என்று சொல்லிச் சொல்லியே தன்னைப் பற்றித் தாழ்வாக நினைக்க வைத்துவிட்டார்களா? எல்லாமே சாத்தியம்தான். ஆனால் கணக்கில் ஓர் இடம் தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது. கோடை முகாமுக்கு ஒரு தடவைக்கு மேல் போன பையன்கள். தீங்கின் பெரும்பகுதி அவர்கள் தலையில்தான் விழுந்திருந்தது.

முகாம் என்றால் என்ன? காலையில் எழுந்து படுக்கப்போகும் வரை பையன்கள் பையன்களோடுதான். பெரியவர் கண் ஒரு பக்கம் இருக்கும்போது மறுபக்கம் நடப்பது எல்லாருக்கும் தெரியும். யார் என்ன தில்லுமுல்லு செய்தான், யாரை ஏமாற்றினான் என்ற வீரப்பிரதாபங்கள். கேட்கிறவன் சிரிப்பான். சொன்னவன் நாளைக்கு இன்னும் பெரியதாகச் சொல்வான்.

அந்தச் சிரிப்பை ஒருவர் எண்ணிப் பார்த்தார். தாமஸ் டிஷியன், ஓரிகன் மாநிலத்து உளவியலாளர். 13, 14 வயதுப் பையன்களை நண்பனோடு ஓர் அறையில் உட்கார வைத்து, சுமார் 25 நிமிஷம் பேசவிட்டு வீடியோ எடுத்தார். பிறகு அந்த டேப்பைத் திரும்பத் திரும்பப் போட்டு, யார் எதைச் சொன்னபோது மற்றவன் சிரித்தான் என்று குறித்தார்கள். சாதாரணப் பையன்கள் சாதாரண விஷயங்களுக்குச் சிரித்தார்கள். ஏற்கெனவே வம்பில் மாட்டிய இருவர் சேர்ந்தபோது, விதிமீறிய பேச்சுக்குத்தான் சிரிப்பு வந்தது. ஒரு சிரிப்பு, அடுத்து அதே மாதிரிப் பேச்சு, மறுபடி ஒரு சிரிப்பு. இப்படிப் போன ஜோடிகள்தான் பின்னால் போதைப்பொருளிலும் அடிதடியிலும் அதிகம் இறங்கினார்கள். வாத்தியாரின் பாராட்டைவிடச் சிநேகிதனின் சிரிப்புக்குப் பதினாலு வயதில் மதிப்பு அதிகம். நாமெல்லாம் அந்த வயதைத் தாண்டித்தானே வந்திருக்கிறோம்.

டிஷியன் குழு இன்னொரு சோதனையும் செய்தது. 11 முதல் 14 வயது வரை, தடம் மாறும் அபாயத்தில் இருந்த பிள்ளைகள், 119 குடும்பங்கள். சில குடும்பங்களில் பெற்றோருக்கு மட்டும் பயிற்சி, சிலவற்றில் பிள்ளைகளுக்கு மட்டும் குழுவாக வாராவாரம் பயிற்சி, சிலவற்றில் இரண்டும். பிள்ளைகள் குழுவில் சொல்லிக்கொடுத்தது எல்லாம் நல்ல விஷயம்: கோபத்தை அடக்குவது, இலக்கு வைப்பது, வேண்டாம் என்று சொல்லப் பழகுவது. முதலில் வீட்டில் சண்டை குறைந்தது. எல்லாருக்கும் திருப்தி. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், குழுவில் உட்கார்ந்த பிள்ளைகள் கூடுதலாகப் புகை பிடித்தார்கள், ஆசிரியர்களிடமிருந்து கூடுதல் புகார் வந்தது. மூன்று வருஷம் கழித்தும் அது போகவில்லை. 1999ல் டிஷியனும் மெக்கார்டும் பிரான்சுவா புலானும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். பிரச்னை உள்ள பிள்ளைகளை ஒரே அறையில் கூட்டினால் உதவியே கெடுதலாக முடியலாம் என்பது அதன் சாரம். ஐம்பது வருஷ இடைவெளியில் நடந்த இரண்டு ஆய்வுகள் ஒரே பக்கம் கைகாட்டின.

எல்லா ஆய்வாளர்களும் இதை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. 2005ல் பார் வைஸ் என்பவரும் கூட்டாளிகளும் நிறைய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, குழு சிகிச்சை பொதுவாகவே கெடுதல் என்று சொல்ல ஆதாரம் போதாது என்றார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும். குழுவை யார் நடத்துகிறார், எவ்வளவு கண்காணிப்பு, பெற்றோர் கூட இருக்கிறார்களா என்பதெல்லாம் சேர்ந்துதான் பலன். ஆனால் எத்தனை கவனமாகச் செய்தாலும், அந்த அறையில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனும் ஒரு வாத்தியார்தான் என்பதை நான் மறக்கத் தயாராக இல்லை.

மிரட்டினால் திருந்துவானா?

'அடியாத மாடு படியாது' என்று நம்புகிறவர்களுக்காக ஒரு சின்ன விஷயம். நியூஜெர்சியின் ராவே சிறைச்சாலையில் 1970களில் ஆயுள் கைதிகளே ஒரு திட்டம் நடத்தினார்கள். விடலைப் பையன்களைச் சிறைக்குள் கூட்டிப்போய், முகத்துக்கு முகம் கத்தி, 'இங்கே வந்தால் இதுதான் கதி' என்று பயமுறுத்துவது. 1978ல் ஆவணப்படமாக வந்து ஆஸ்கரும் வாங்கியது. அமெரிக்கா முழுக்கப் பள்ளிகளும் காவல்துறையும் இதைக் காப்பியடித்தன. ஜேம்ஸ் ஃபிங்கனாவர் 1982ல் வெளியிட்ட ஆய்வின்படி, சிறைக்குப் போய்வந்த பிள்ளைகளில் 41 சதவீதம் பேர் ஆறு மாதத்துக்குள் புதிய குற்றத்தில் மாட்டினார்கள். போகாதவர்களில் 11 சதவீதம். பின்னால் இதுபோன்ற பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும், ஒன்றும் செய்யாமல் இருப்பதே மேல் என்ற முடிவுக்குத்தான் வந்தார்கள்.

கையில் ஒரு பந்து

சிகாகோவுக்கு வருவோம். அங்கே 'யூத் கைடன்ஸ்' என்ற அமைப்பு, மேல்நிலைப் பள்ளிகளில் 'பிகமிங் எ மேன்' என்ற திட்டத்தை நடத்துகிறது. டோனி டிவிட்டோரியோ என்ற ஆலோசகர் 2001ல் தொடங்கியது. வாரத்தில் ஒரு மணி நேரம், பள்ளி நேரத்திலேயே, பையன்கள் வட்டமாக உட்கார்வார்கள். 2013ல் ஒருநாள் அந்த வட்டத்தில் அன்றைய அதிபர் ஒபாமாவும் வந்து உட்கார்ந்தார், தான் தகப்பன் இல்லாமல் வளர்ந்ததைப் பற்றிப் பேசினார்.

அங்கே முதலில் செய்கிற பயிற்சி ஒன்று உண்டு. இரண்டிரண்டு பேராகப் பிரிப்பார்கள். ஒருவன் கையில் ஒரு பந்து. இறுக்கி மூடிக்கொள்ள வேண்டும். மற்றவனுக்கு 30 விநாடி. பந்தை எடுக்க வேண்டும், அவ்வளவுதான் உத்தரவு. உடனே மல்லுக்கட்டு. விரலைப் பிரிக்கிறான், கையை முறுக்குகிறான், தரையில் உருள்கிறார்கள். பிறகு முறை மாறும், மறுபடி அதே ரகளை. முடிந்ததும் ஆலோசகர் அமைதியாகக் கேட்பார்: 'பந்தைக் கொடு என்று உங்களில் யாராவது கேட்டீர்களா?' அறையில் சத்தம் அடங்கும். 'கேட்டால் மட்டும் கொடுத்திருப்பானா' என்று ஒருவன் முனகுவான். ஆலோசகர் பந்து வைத்திருந்தவன் பக்கம் திரும்பி, 'கேட்டிருந்தால் நீ என்ன செய்திருப்பாய்?' என்பார். பெரும்பாலும் வருகிற பதில், 'கொடுத்திருப்பேன், வெறும் பந்துதானே' என்பதுதான்.

தெருவில் ஒருவன் முறைத்தால் திருப்பி முறைப்பது அந்த ஊரில் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி. வகுப்பில் ஆசிரியர் முறைத்தாலும் கை அதே வேகத்தில் ஓங்குவதுதான் சிக்கல். ஒரு நொடி நின்று யோசிக்கப் பழக்குவதுதான் இந்தத் திட்டத்தின் மொத்த வேலை. 2009-10ல் 18 பள்ளிகளில் 2,740 மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். பிறகு இன்னொரு சோதனை, 2,064 பேர். திட்டம் நடந்த காலத்தில், வன்முறைக் குற்றத்துக்காகக் கைதாவது 45 முதல் 50 சதவீதம் வரை குறைந்தது. மொத்தக் கைதுகள் 28 முதல் 35 சதவீதம் குறைந்தன. பெரிய விஷயம். உயிர் போகிற ஊரில் இது உண்மையிலேயே பெரிய விஷயம்.

அடுத்த வருஷம், திட்டம் முடிந்த பிறகு, முதல் குழுவில் கைது விஷயத்தில் அந்த வித்தியாசம் கரைந்துபோயிற்று. ஆனால் படிப்பில் கரையவில்லை. அந்தப் பிள்ளைகளில் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் 12 முதல் 19 சதவீதம் வரை கூடியிருந்தார்கள். ஓர் இடத்தில் தேய்ந்த பலன் வேறோர் இடத்தில் வேர் பிடித்திருந்தது. பிற்பாடு திட்டத்தை நிறையப் பள்ளிகளுக்கு விரித்தபோது முன்பு கண்ட அளவு பலன் கிடைக்கவில்லை. டிவிட்டோரியோ மாதிரி ஆட்களைச் சுற்றி உருவான ஒன்றை ஆயிரக்கணக்கில் பெருக்குவது அச்சடிக்கிற வேலை இல்லையே.

இங்கேயும் முரட்டுப் பையன்களைத்தானே ஒரே வட்டத்தில் உட்கார வைத்தார்கள், அது ஏன் கெடுதலாக முடியவில்லை என்று கேட்கலாம். என் ஊகம் இது. பள்ளி நேரத்தின் நடுவில் ஒரு மணி நேரம், கண் அகலாத ஓர் ஆலோசகர், வேலையில்லாமல் கும்பலாகக் கிடக்கிற நேரம் கிடையாது. கோடை முகாமில் இருந்தது முழுக்க அந்தக் கும்பல் நேரம்தான்.

ஒருவனுக்கு மூன்று பேர்

நீண்ட காலப் பலன் என்று பார்த்தால் என் மனதில் நிற்பது கனடாவின் மான்ட்ரியல். ரிச்சர்ட் டிரம்ப்ளே 1984ல் அந்த நகரத்து ஏழைப் பகுதிகளில் 53 பள்ளிகளின் மழலை வகுப்புப் பையன்கள் 1,037 பேரைக் கணக்கெடுத்தார். யார் அடிக்கிறான், யார் உதைக்கிறான், யார் ஒரு நிமிஷம் உட்காராமல் இருக்கிறான் என்று ஆசிரியர்கள் சொன்னதை வைத்து, கட்டுக்கடங்காத பிள்ளைகள் 250 பேரைப் பிரித்தார். அவர்களில் 69 பேருக்கு ஏழு வயதிலிருந்து ஒன்பது வயது வரை பயிற்சி. வீட்டில் அப்பா அம்மாவுக்குப் பயிற்சி: பிள்ளையை எப்படிக் கவனிப்பது, அடிக்காமல் எப்படிக் கண்டிப்பது. பள்ளியில் பிள்ளைக்குப் பயிற்சி: ஒரு குழுவில் எப்படிச் சேர்வது, உதவி எப்படிக் கேட்பது, கோபம் வந்தால் என்ன செய்வது.

பள்ளியில் அந்தக் குழுவை அமைத்த விதம்தான் முக்கியம். அடங்காத ஒரு பையனுக்கு, மற்றவர்களோடு நன்றாகப் பழகுகிற மூன்று பையன்கள் என்ற கணக்கில் சேர்த்தார்கள். இரண்டு வருஷத்தில் மொத்தம் 19 அமர்வு. எண்ணிப் பார்த்தால் ஒரு சினிமா ஷூட்டிங் ஷெட்யூலைவிடக் குறைவான நாட்கள்.

24 வயதில் பார்த்தார்கள். பயிற்சி பெற்றவர்களில் 46 சதவீதம் பேர் உயர்நிலைப் பள்ளியை முடித்திருந்தார்கள், பெறாதவர்களில் 32. குற்றப் பதிவு இருந்தவர்கள் 22 சதவீதம், மறுதரப்பில் 33. அதோடு விடவில்லை. 39 வயது வரையுள்ள வருமான வரிப் பதிவுகளை எடுத்துப் பொருளாதார ஆய்வாளர்கள் 2022ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பயிற்சி பெற்றவர்களின் ஆண்டுச் சம்பளம் சராசரியாக சுமார் 20 சதவீதம் அதிகம். அரசு உதவித்தொகையை நம்பியிருந்தது ஏறத்தாழ 40 சதவீதம் குறைவு. ஏழு வயதில் ஒரு சின்ன வட்டத்தில் உட்கார்ந்த பையன், நாற்பதை நெருங்கும்போது தன் சம்பளத்தில் தன் குடும்பத்தை நடத்துகிறான்.

அமெரிக்காவின் பால்டிமோரில் ஷெப்பர்ட் கெல்லம் 1985ல் முதல் வகுப்புகளில் நடத்திய 'நல்நடத்தை விளையாட்டு' இதற்கு அண்ணன் தம்பி உறவு. ஆசிரியர் வகுப்பை அணிகளாகப் பிரிப்பார். ஒவ்வொரு அணியிலும் அடங்காத பிள்ளையும் அமைதியான பிள்ளையும் கலந்தே இருக்கும். விதி மீறினால் அணிக்குப் புள்ளி விழும். புள்ளி குறைவாக இருந்தால் எல்லா அணியும் ஜெயிக்கலாம். அந்தப் பிள்ளைகளுக்கு 19 முதல் 21 வயது ஆனபோது, முதல் வகுப்பில் மிக முரடாக இருந்த பையன்களிடம் போதைப் பழக்கமும் சமூக விரோதப் போக்கும் மற்ற வகுப்புகளில் இருந்த அதே மாதிரிப் பையன்களைவிட நன்றாகவே குறைந்திருந்தன. அடுத்த வருஷத்து முதல் வகுப்பில் அந்தப் பலன் மங்கிவிட்டது. ஆசிரியர்களுக்குக் கொடுத்த பயிற்சியும் துணையும் அந்த வருஷம் குறைந்ததைக் கெல்லமே காரணமாகச் சொன்னார்.

வட கரோலினா, டென்னஸி, பென்சில்வேனியா, வாஷிங்டன் ஆகிய நான்கு மாநிலங்களில் 891 பிள்ளைகளை வைத்து 1991ல் தொடங்கிய 'ஃபாஸ்ட் டிராக்' இன்னும் பெரிய முயற்சி. பத்து வருஷம், ஒரு பிள்ளைக்கு சுமார் 58,000 டாலர். 25 வயதில் ஏதேனும் ஒரு மனநல, நடத்தைப் பிரச்னை இருந்தவர்கள் உதவி பெறாத தரப்பில் 69 சதவீதம், பெற்ற தரப்பில் 59. பத்து வருஷ உழைப்புக்குப் பத்துப் புள்ளி. குறைவு என்று சிலர் சொல்வார்கள். அந்தப் பத்து சதவீதத்தில் ஒருவனுடைய அம்மாவிடம் போய்ச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

நம்முடைய 'டி' பிரிவு

நான் படித்த பள்ளியில் எட்டாம் வகுப்பில், காலாண்டுத் தேர்வு மார்க்கையும் வாத்தியார்கள் கொடுத்த புகாரையும் வைத்து ஒரு 'டி' பிரிவை உண்டாக்கினார்கள். என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த நண்பன் அங்கே போனான். எங்கள் வகுப்புக்கும் 'டி' பிரிவுக்கும் நடுவில் ஒரு தடுப்புத் தட்டிதான். கணக்கு வாத்தியார் போர்டு பக்கம் திரும்பும்போதெல்லாம் தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சிரிப்பலை வரும். முதல் வாரத்தில் அதில் அவன் குரல் கேட்காது. தீபாவளி லீவு முடிந்து வந்தபோது அந்தச் சிரிப்பைத் தொடங்கி வைப்பதே அவனாக இருந்தான். அரையாண்டுக்குப் பிறகு அவன் பள்ளிக்கு வரவில்லை. டிஷியனின் டேப்பைப் பற்றிப் படித்த அன்று எனக்கு அந்தத் தட்டிதான் ஞாபகம் வந்தது.

2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், ஒரு பன்னிரண்டாம் வகுப்பு மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் சாதிக் கயிற்றைப் பற்றித்தான் ஊடகங்களில் அதிகம் பேசினார்கள். அதில் இருந்த வேறொரு பரிந்துரை என் கண்ணில் பட்டது: மாணவர்களைப் பெயரின் அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும். சாதிப் பிரிவினையைத் தடுக்கச் சொன்னது அது. ஆனாலும் யார் பக்கத்தில் யார் என்பதை அலட்சியமாக விட்டுவிடக் கூடாது என்று ஓர் அரசுக் குழு எழுதியிருக்கிறது. பள்ளி நடத்தைத் திட்டம் பற்றிப் பேசுகிற யாரும் அந்த வரியிலிருந்தே தொடங்கலாம்.

எங்கள் சித்தி மகள் தென்மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியை. இந்தக் கட்டுரைக்காகப் படித்ததையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் அவளிடம் சொன்னேன். கேம்பிரிட்ஜ் கதையைக் கேட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. மான்ட்ரியல் கணக்கைச் சொன்னதும் எந்தப் பெற்றோரும் கேட்கிற கேள்வியைக் கேட்டாள்.

"அண்ணே, அப்போ அந்த நல்ல பசங்க கெட்டுப் போகலையா?"

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் 1970களில் சுமார் 700 பையன்களை வைத்து இதையே சோதித்திருக்கிறார்கள். ரொனால்டு ஃபெல்ட்மேனும் கூட்டாளிகளும் 1983ல் அதைப் புத்தகமாகக் கொண்டுவந்தார்கள். சமூக மையத்தில் விளையாட, கைவேலை செய்ய என்று குழுக்கள். சில குழுக்களில் எல்லாருமே வம்புக்காரர்கள். சிலவற்றில் சாதாரணப் பையன்கள் நடுவில் ஒருவரோ இருவரோ மட்டும். கலந்து உட்கார்ந்த வம்புக்காரர்கள் தேறினார்கள். தங்களுக்குள்ளேயே உட்கார்ந்தவர்கள் அந்த அளவு தேறவில்லை. கூட இருந்த சாதாரணப் பையன்களுக்கு ஒரு பாதகமும் இல்லை. அதை அவளிடம் சொன்னேன்.

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. வருகைப் பதிவேட்டைப் பள்ளியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவர முடியாது, தன் நோட்டில் எழுதி வைத்திருப்பாள்.

"என் வகுப்புல நாப்பத்தாறு பேரு. நீங்க சொல்ற மாதிரிப் பசங்கன்னு பார்த்தா ஏழு பேரு. இப்ப அந்த ஏழு பேரையும் கடைசி ரெண்டு பெஞ்சுல போட்டு வச்சிருக்கேன். என் கண்ணுக்கு எதிர இருந்தா பாடமே நடத்த முடியல, அதான்." கொஞ்சம் நிறுத்தினாள். "ஒருத்தனுக்கு மூணு பேருன்னா இருபத்தொண்ணு. ஆளு மிச்சமே இருக்குண்ணே. பிள்ளைங்கள்ல யாரு யாருகூடப் பேசுவான்னு எனக்குத் தெரியும். ராத்திரி ஒக்காந்து போட்டுப் பாக்குறேன்."